வாங்கும்போதே விற்கும் வழியைக் கேளுங்கள்



இந்த ஆண்டு கல்வி உதவி விண்ணப்பங்களைப் பரிசீலித்தபோது ஒரு படிவம் எங்கள் குழுவை யோசிக்க வைத்தது. விண்ணப்பித்தவர் சிறு கடை நடத்தும் சகோதரர். மகளின் நர்சிங் படிப்புக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கேட்டிருந்தார். சொத்து விவரம் எழுதும் இடத்தில், 'விடுமுறை ரிசார்ட் மெம்பர்ஷிப், ரூ.3,60,000' என்று குறிப்பிட்டிருந்தார். நேரில் வந்தபோது, "பாய், மறைக்கக் கூடாதென்று எழுதிவிட்டேன். இதனால் பிள்ளைக்கு உதவி கிடைக்காமல் போய்விடுமோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அதை விற்றாலே படிப்பை முடித்துவிடலாமே என்று எங்களில் சிலருக்குத் தோன்றியது. அவருக்கு உதவியாக விற்கவும் முயன்றோம். தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தோம், நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். வந்த பதில் இதுதான்: மெம்பர்ஷிப்பை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். ஆனால் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டும், இரண்டு ஆண்டு நிலுவையைத் தீர்க்க வேண்டும். வாங்குபவருக்குச் சீசன் நாட்களில் முன்னுரிமை கிடையாது, வேறு நிறுவன ரிசார்ட்டுகளில் மாற்றித் தங்கும் வசதியும் கிடையாது. இவற்றைக் கேட்ட பிறகு யாரும் வாங்க முன்வரவில்லை. மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்ச் சொத்து என்று அவர் நம்பியிருந்தது, கணக்குப் பார்த்தால் ஒரு கடனாக நின்றது.

இதே போன்ற பத்திரம் நம் ஊரில் இன்னும் சில வீடுகளின் பீரோவில் இருப்பது பிறகு தெரிய வந்தது. அதனால் இந்த விஷயத்தைச் சற்று விரிவாக விளக்கலாம் என்று நினைத்தோம்.

டைம்ஷேர் என்பது என்ன?

ஓர் அறையையோ வீட்டையோ முழுதாக வாங்காமல், ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை மட்டும் பல ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதே டைம்ஷேர். 1960களில் ஐரோப்பாவில் தொடங்கிய இம்முறை பின்னர் அமெரிக்காவில் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1974இல் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் வந்தபின், ஒரு ரிசார்ட்டில் உரிமை உள்ளவர் அதைக் கொடுத்துவிட்டு வேறு ஊர் ரிசார்ட்டில் தங்கும் வழியும் உண்டானது. நம் நாட்டில் 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல், ஊட்டி ரிசார்ட்டுகள் மூலம் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 1996இல் மஹிந்திரா நிறுவனமும் இத்தொழிலுக்கு வந்தது.

அமெரிக்காவில் பல டைம்ஷேர்கள் பத்திரப் பதிவு செய்யப்படும் நிலச்சொத்துப் பங்குகள். நம் நாட்டில் விற்கப்படுபவை பெரும்பாலும் அப்படி அல்ல. 10 அல்லது 25 ஆண்டுகளுக்குத் தங்கும் உரிமை தரும் மெம்பர்ஷிப் மட்டுமே. கட்டடத்திலோ நிலத்திலோ நமக்கு எந்தப் பங்கும் இல்லை. விற்பனைக்கு வரும் ஊழியர் 'ஓனர்' என்று நம்மை அழைக்கலாம். ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று, தொடக்கத்தில் கட்டும் பெரிய தொகை. இன்னொன்று, ஒவ்வோர் ஆண்டும் கட்டும் பராமரிப்புக் கட்டணம். அந்த ஆண்டு நீங்கள் தங்கினாலும் தங்காவிட்டாலும் இரண்டாவதைக் கட்டத்தான் வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது உயரும், ஜி.எஸ்.டி.யும் சேரும்.

தடைகள் எப்படி வருகின்றன? ஓர் உதாரணம்

மறுவிற்பனைத் தடை என்றால், 'விற்கக் கூடாது' என்று எழுதியிருக்கும் எனப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. விற்கலாம் என்றே இருக்கும். ஆனால் வாங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்பதில்தான் கத்தரி விழும். இதைப் புரிந்துகொள்ள, வெளிப்படையாகத் தேதி போட்டு அறிவிக்கப்பட்ட ஓர் அமெரிக்க உதாரணத்தைப் பார்ப்போம்.

டிஸ்னி நிறுவனம் 1991இல் புளோரிடாவில் 'டிஸ்னி வெக்கேஷன் கிளப்' என்ற டைம்ஷேர் திட்டத்தைத் தொடங்கியது. வாங்குபவருக்கு ஏதாவது ஒரு ரிசார்ட் 'சொந்த ரிசார்ட்' ஆகும். ஆண்டுதோறும் குறிப்பிட்ட பாயிண்டுகள் கிடைக்கும். சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பும், திட்டத்தின் மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம் முன்பும் அறை பதிவு செய்யலாம். நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியவரும் பழைய உறுப்பினரிடம் வாங்கியவரும் முதலில் ஏறக்குறைய ஒரே வசதிகளைப் பெற்றார்கள். பின்பு மூன்று படிகளில் நிலைமை மாறியது.

2011 மார்ச் 21 முதல், பழைய உறுப்பினரிடம் வாங்கும் பாயிண்டுகளை டிஸ்னியின் கப்பல் பயணம் போன்றவற்றுக்குப் பயன்படுத்த முடியாமல் போனது. 2016 ஏப்ரல் 4 முதல், அப்படி வாங்குபவர்களுக்கு உறுப்பினர் தள்ளுபடிகளும் சலுகைகளும் நின்றன. 2019 ஜனவரி 19 முதல், அப்போது இருந்த 14 ரிசார்ட்டுகளின் பாயிண்டுகளை மறுவிற்பனையில் வாங்கினால், அதன் பிறகு திட்டத்தில் சேரும் புதிய ரிசார்ட்டுகளில் தங்க முடியாது என்றானது. அந்தப் புதிய வரிசையில் முதலாவது ரிவியரா ரிசார்ட். அதை மறுவிற்பனையில் வாங்குபவரின் நிலை இன்னும் இறுக்கமானது. அவர் ரிவியராவில் மட்டுமே தங்கலாம், மற்ற 14இல் ஒன்றுக்கும் போக முடியாது.

இந்தத் தடைகள் எல்லாம் எழுதப்பட்டது வாங்குபவரை நோக்கி. ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவரின் சொந்த உபயோகத்தில் எந்தக் குறையும் வைக்கப்படவில்லை. ஆனால் அவர் விற்கப் போகும் நாளில் என்ன ஆகிறது? அவரிடம் இருந்த பொருள் முழுதாக இருக்கிறது, அவர் கைமாற்றித் தர முடிந்ததோ அதில் ஒரு பகுதி மட்டுமே. மீதிக்கு யாரும் விலை தர மாட்டார்கள். எனவே தடை வாங்குபவர் மீது போடப்பட்டாலும் அதன் சுமையைத் தாங்குகிறவர் விற்பவர்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொண்டால் எந்த ஒப்பந்தத்தையும் நீங்களே படித்துப் புரிந்துகொள்ளலாம்.

இந்த உதாரணத்தில் நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. டிஸ்னி ஒப்பந்தத்தில் 'முதலில் வாங்கும் உரிமை' நிறுவனத்துக்கு இருக்கிறது. ஓர் உறுப்பினர் வெளியாருக்கு ஒரு விலை பேசி முடித்தால், அதே விலைக்கு நிறுவனமே வாங்கிக்கொள்ளலாம். கேட்பதற்குத் தடை போலத் தோன்றினாலும், விலை மிகவும் விழும்போது நிறுவனம் உள்ளே வந்து வாங்குவதால் இது விலையை ஓரளவு தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது. அதனால் 'நிறுவனத்துக்கு உரிமை' என்று கண்டவுடன் எல்லாம் தீங்கு என்று முடிவு கட்ட வேண்டாம். நிறுவனம் காசு கொடுத்து வாங்கும் உரிமை வேறு, வாங்குபவரின் வசதியைக் குறைக்கும் உரிமை வேறு.

நிறுவனம் ஏன் தடை போடுகிறது?

நிறுவனத்தின் பக்கத்தையும் பார்ப்போம். டைம்ஷேர் தானாக விற்கும் பொருள் அல்ல. பெரிய கடைவளாகங்களில் கூப்பன் எழுதச் சொல்லி, 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வாருங்கள்' என்று போன் செய்து, ஓட்டலில் உட்காரவைத்து இரண்டு மூன்று மணி நேரம் பேசித்தான் விற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூடம், அந்த விருந்து, அந்த ஊழியர்களின் கமிஷன் எல்லாம் நாம் கட்டும் தொகைக்குள்தான் அடக்கம். அதில் கணிசமான பகுதி ரிசார்ட்டுக்குப் போவதில்லை, விற்பனைச் செலவுக்கே போகிறது.

பழைய உறுப்பினர் தம்முடையதை விற்கும்போது இந்தச் செலவு அவருக்கு இல்லை. நிறுவனம் நாலு லட்சத்துக்கு விற்பதை அவர் ஒரு லட்சத்துக்கும் தர முடியும். இரண்டும் ஒரே பொருள் என்றால் புதிதாக யார் நாலு லட்சம் கொடுப்பார்கள்? ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று ஆக்குவது நிறுவனத்துக்குத் தேவையாகிறது. சலுகை, சீசன் முன்னுரிமை, புதிய ரிசார்ட் ஆகியவற்றை நேரடியாக வாங்குபவருக்கு மட்டும் என்று வைப்பதன் காரணம் இதுதான். 'புதிய ரிசார்ட் கட்டும் செலவைப் புதிய விற்பனைதான் தருகிறது. எங்களுக்கு ஒன்றும் தராமல் வெளியில் வாங்கியவருக்கு அதில் ஏன் இடம் தர வேண்டும்?' என்று அவர்கள் கேட்பதிலும் ஒரு வாதம் இருக்கிறது.

உறுப்பினருக்கு நேர்வது: ஒரு கணக்கு

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. மெம்பர்ஷிப் விலை 4 லட்சம், காலம் 25 ஆண்டு, முதல் ஆண்டுக் கட்டணம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்ந்தால், 11ஆம் ஆண்டில் அது சுமார் 32,600 ரூபாய் ஆகும். கடைசி ஆண்டில் 64,500 ரூபாயைத் தொடும். 25 ஆண்டில் கட்டிய கட்டணம் மட்டும் கூட்டினால் சுமார் 9.5 லட்சம். கையெழுத்துப் போடும் அன்று நாம் பார்த்தது 4 லட்சம். ஒப்புக்கொண்டதோ பதின்மூன்றரை லட்சம்.

பத்தாண்டு முடிந்து ஒருவர் விற்க வருகிறார். வாங்க நினைப்பவர் என்ன பார்ப்பார்? அதே தரமுள்ள அறை வெளியில் நாளுக்கு 5,000 ரூபாய் என்றால் ஏழு நாளுக்கு 35,000. இங்கே ஆண்டுக் கட்டணமே 32,600. ஆக அவருக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 2,400 ரூபாய். மீதமுள்ள 15 ஆண்டுக்கும் இதே அளவில் பார்த்தால் 36,000. இதில் மாற்றுக் கட்டணம் 25,000 போனால் 11,000 ரூபாய்தான் நிற்கும். அந்த 4 லட்சத்துக்கு அவர் தரக்கூடிய நியாயமான விலை இவ்வளவே. இதன் மேல் 'மறுவிற்பனையில் வாங்கியவருக்குப் பள்ளி விடுமுறையில் முன்னுரிமை இல்லை' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் 11,000மும் போயிற்று. பள்ளி விடுமுறையில் தங்க முடியாத ரிசார்ட் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு எதற்கு?

நம் குடும்பங்களுக்கு இதில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. பலர் இத்தொகையைத் தவணையில் கட்டுகிறார்கள். அந்தத் தவணையில் வட்டி சேர்ந்திருக்கிறதா என்பதை விற்பனை மேசையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். அடுத்தது வாரிசுரிமை. மரணித்தவரின் கடனைத் தீர்த்த பின்பே வாரிசுகளுக்குப் பங்கு என்பதை நாம் அறிவோம். அத்தா விட்டுப்போன மெம்பர்ஷிப்பைச் சொத்து வரிசையில் எழுதுவதா, கடன் வரிசையில் எழுதுவதா என்பது, அதை விற்க முடியுமா, நிலுவை எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 'ரிசார்ட் எனக்கு, நகை உனக்கு' என்று பிள்ளைகள் பிரித்துக்கொள்ளுமுன் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

தடை நிறுவனத்தையும் திருப்பித் தாக்கும்

விற்க முடியாத ஒருவர் என்ன செய்வார்? சில ஆண்டு முணுமுணுத்துக்கொண்டு கட்டுவார். பிறகு நிறுத்திவிடுவார். அமெரிக்காவில் டைம்ஷேர் ரிசார்ட்டைப் பராமரிப்பது பல இடங்களில் உரிமையாளர் சங்கம். சிலர் கட்டாமல் விட்டால் மின்சாரம், தண்ணீர், பழுதுபார்ப்பு, காவல் என்று எந்தச் செலவும் குறையப் போவதில்லை. அந்தப் பற்றாக்குறை கட்டுகிறவர்கள் தலையில் விழும். கட்டணம் உயர, இன்னும் சிலர் நிறுத்துவார்கள். கட்டடம் பழசாகும்போது இந்தச் சுழல் வேகமெடுக்கும்.

புதிய விற்பனையும் பாதிக்கப்படும். இன்று வாங்க வருபவர் வீட்டிலேயே போனில் மறுவிற்பனை விலையைப் பார்த்துவிடுகிறார். நேற்று நாலு லட்சத்துக்கு விற்றது இன்று ஐம்பதாயிரத்துக்கும் போகவில்லை என்று தெரிந்தால் எழுந்து போய்விடுகிறார். இதை உணர்ந்துதான் அமெரிக்காவில் பல நிறுவனங்கள், கடன் தீர்ந்த, நிலுவை இல்லாத உறுப்பினர்களிடம் டைம்ஷேரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வழியைத் திறந்திருக்கின்றன. பெரும்பாலும் பணம் திரும்பாது, ஆனால் அத்தோடு பொறுப்பு தீரும்.

மிகவும் இறுக்கிக் கட்டினால் கட்டே அறுந்துபோகும் என்பதற்கு ஸ்பெயின் சாட்சி. அங்கு 1999 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம், டைம்ஷேர் காலம் 3 ஆண்டுக்குக் குறையாமலும் 50 ஆண்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்றது. இருந்தும் சில நிறுவனங்கள் முடிவே இல்லாத ஒப்பந்தங்களை விற்றன. 2015 ஜனவரியில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பலர் வழக்குத் தொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

விற்க முடியாதவரைத் தேடி வரும் மோசடி

கதவு அடைபட்ட வீட்டில் 'நான் திறந்து விடுகிறேன்' என்று சொல்பவன்தான் ஆபத்தானவன். ஒருநாள் போன் வரும். 'உங்கள் மெம்பர்ஷிப்புக்கு ஒரு பார்ட்டி தயாராக இருக்கிறது, ஐந்து லட்சம் தருகிறார். டாக்குமெண்ட் செலவு, வரி என்று முப்பதாயிரம் மட்டும் முதலில் அனுப்புங்கள்' என்பார்கள். அனுப்பினால் அடுத்து இன்னொரு செலவு வரும். வாங்குபவர் மட்டும் வரவே மாட்டார்.

இது உலகெங்கும் நடக்கிறது. மெக்சிகோவில் உள்ள டைம்ஷேர்களை வைத்து நடந்த மோசடிகளில், 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறத்தாழ 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்ததை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பதிவு செய்துள்ளது. அவற்றின் பின்னணியில் போதைப்பொருள் கும்பல் இருந்ததாகக் கூறி அமெரிக்க அரசு 2023இல் பல நபர்கள், நிறுவனங்கள் மீது தடை விதித்தது.

இதற்கு நேர் எதிரான வலை ஒன்றும் உண்டு. 'விற்பது பற்றிக் கவலையே வேண்டாம், நாங்களே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்பது அது. மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம், ஓட்டலில் தங்கும் நாட்களை விற்பதாகச் சொல்லி, தங்காவிட்டால் முடிவில் ஒரு தொகை தருவதாகப் பணம் சேர்த்தது. சுமார் 50 லட்சம் பேரிடமிருந்து 7,000 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்திருந்தது. இது அனுமதி பெறாத முதலீட்டுத் திட்டம் என்று செபி 2014இல் தடுத்து, 2016இல் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. ஓய்வுக்குப் போவதை முதலீடு என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008இல் வந்த நெறிமுறைப்படி, கையெழுத்திட்ட 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்களில் முன்பணம் வாங்கவும் கூடாது. மறுவிற்பனை செய்து தருவதாகச் சொல்லும் தரகர், விற்பனை முடியும்வரை பணம் கேட்கக் கூடாது. புளோரிடாவில் விலகுவதற்கு 10 நாள். மறுபடி விற்கலாம் என்ற எதிர்பார்ப்பில் டைம்ஷேர் வாங்கக் கூடாது என்று வாங்குபவருக்கு எச்சரிக்கை தரும் முறையும் அங்கு இருக்கிறது.

நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே சில நாள் அவகாசம் தருகின்றன. தராவிட்டால் ஒப்பந்தத்தில் எழுதியதே நம்மைக் கட்டும். ஆனாலும் நாம் கையற்றவர்கள் அல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு மூன்று வசதிகளைத் தருகிறது. நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் இருக்கும் நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. சொல்லி விற்றது ஒன்று, தருவது வேறு என்றால் அது சேவைக் குறைபாடு அல்லது நியாயமற்ற வணிகம் என்று முறையிடலாம். ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது என்றால் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று மாநில ஆணையத்திடம் முறையிடலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் இதைச் செய்ய வேண்டும். முதல் ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. இதை நான் வெளியாருக்கு விற்கலாமா? எத்தனை ஆண்டுக்குப் பிறகு?

2. விற்றால் மாற்றுக் கட்டணம் எவ்வளவு? அதை நீங்கள் பிற்பாடு உயர்த்தலாமா?

3. எனக்குக் கிடைக்கும் எந்தெந்த வசதி, என்னிடம் வாங்குபவருக்குக் கிடைக்காது?

4. இந்த விதிகளை என் சம்மதம் இல்லாமல் நீங்கள் மாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

5. விற்க முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தரலாமா? அப்போது எனக்கு எவ்வளவு வரும், அல்லது நான் எவ்வளவு தர வேண்டும்?

6. ஆண்டுக் கட்டணம் எந்த அடிப்படையில் உயரும்? உச்சவரம்பு உண்டா?

7. நான் மரணித்தால் உரிமையும் பாக்கியும் யாரைச் சேரும்?

பதில்களை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். 'இன்று மட்டும்தான் இந்த விலை' என்றால், ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்லுங்கள். நகல் தர மறுக்கும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு

பயன்படுத்தி மகிழ்கிறீர்கள், ஆண்டுக் கட்டணம் கட்டச் சிரமம் இல்லை என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. பிள்ளைகளோடும் பெற்றோரோடும் ஆண்டுக்கு ஒரு வாரம் வெளியூர் போய் வருவது நல்ல விஷயமே. போக முடியாத ஆண்டில் உறவினரை அனுப்ப ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பாருங்கள்.

விட்டுவிட நினைப்பவர்கள் கட்டணத்தைச் சும்மா நிறுத்திவிட வேண்டாம். நிலுவை ஏற ஏற விற்கும் வழியும் திருப்பிக் கொடுக்கும் வழியும் அடைபடும். முதலில் நிறுவனத்துக்கு எழுதி, பாக்கிக் கணக்கையும் மாற்றும் விதியையும் திருப்பிக் கொடுக்கும் விதியையும் கேளுங்கள். பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். விற்றுத் தருவதாக முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். முன்பு கட்டிய பெரிய தொகையை நினைத்து மேலும் மேலும் கட்டிக்கொண்டே போகாதீர்கள். போன பணம் போனதுதான். இனிக் கட்டப்போவதற்குப் பயன் இருக்கிறதா என்பதே கேள்வி.

தொடக்கத்தில் சொன்ன சகோதரரின் நிலைக்கு வருவோம். நான்கு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து மெம்பர்ஷிப்பைத் திரும்பப் பெற நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவர் கட்டியதில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. ஆனால் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த பில் நின்றது. "இந்த வருஷம் பில் வரல பாய், அதுவே போதும்" என்று அலுவலகத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மகளுக்குக் கல்வி உதவி வழங்கப்பட்டது. எங்கள் விண்ணப்பப் படிவத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். சொத்து விவரத்தில் 'வாங்கிய விலை' என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் 'இன்று விற்றால் கிடைக்கும் தொகை' என்று ஒரு கட்டம் சேர்த்துள்ளோம்.

ஏதாவது மெம்பர்ஷிப் ஒப்பந்தம் கையில் இருந்து, புரியாமல் தயங்குபவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம். கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் வந்தால், இன்ஷா அல்லாஹ், இன்னும் அதிகமாக உதவ முடியும்.